பால் போல் மாறாத சுண்ணாம்பு நீர்

வெள்ளக்கரட்டில் பிறந்தவர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெற்றிலையில் தடவுவதும் அதுதான், பொங்கலுக்குச் சுவரில் அடிப்பதும் அதுதான், குளவி கொட்டினால் அப்புவதும் அதுதான், ஊருக்கு மேற்கே வரிசையாக நிற்கும் காளவாசல்கள், சுண்ணாம்புச் சூளைகள்தான், கரட்டைத் தின்று புகையாகவும் பொடியாகவும் எங்கள் மேல் துப்பிக்கொண்டே இருக்கின்றன, மழை பெய்தால் தெருவே வெள்ளையாக ஓடும். அப்படிப்பட்ட ஊரில், வரலாறு படிக்கலாம் என்று வந்த எங்களைப் பிடித்து உட்காரவைத்து, சுண்ணாம்பு என்றால் என்ன என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது எங்கள் கல்லூரி. விருப்பப் பாடம் என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம் என்று என்னிடம் கேட்காதீர்கள். கணினியை வணிகவியல்காரர்கள் முந்திக்கொண்டார்கள், யோகாவைத் தமிழ்த்துறை அள்ளிக்கொண்டு போனது, யாரும் சீந்தாமல் மிச்சம் கிடந்தது 'அன்றாட வாழ்வில் வேதியியல்', அதை எங்கள் தலையில் கட்டினார்கள்.

நடத்த வந்தவர் ஹெப்சிபா மேடம். வேதியியல் துறையில் நிரந்தர வேலையில் இருந்த யாரும் வரலாற்றுக்காரர்களோடு மல்லுக்கட்டத் தயாராயில்லை, அதனால் தற்காலிகமாக வேலைக்கு வந்திருந்த அவரைத் தள்ளிவிட்டார்கள். அவரும் பாவம், எங்களுக்கு வாய்பாடு எதுவும் ஏறாது என்று முதல் நாளே புரிந்துகொண்டு, சமன்பாடுகளை எல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, சமையல்கட்டு பாஷையில் பேச ஆரம்பித்தார். உங்கள் உடம்புக்குள் ஒரு அடுப்பு எரிகிறது, தின்கிற சோறுதான் விறகு, விடுகிற மூச்சுதான் புகை, ஒரு வீட்டுக் கூரையில் புகை வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் இந்தப் பாடம் என்றார். அதை மட்டும் நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

அந்தப் புகையைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் சுண்ணாம்பு நீர். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றி, அதற்குள் ஒரு குழல் வழியாக மூச்சை ஊதினால், கண்ணாடி போல இருந்த தண்ணீர் பால் போல் மாறும். இன்னும் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வந்த வெள்ளை கரைந்து மறுபடி தெளிந்துவிடும். ஒன்றும் ஊதாத தண்ணீரும் தெளிவாக இருக்கும், அளவுக்கு மேல் ஊதிய தண்ணீரும் தெளிவாக இருக்கும், வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சூடாக்கு, ஊதிய தண்ணீர் மறுபடி வெளுக்கும் என்று மேடம் சொன்னார். இந்தக் கடைசிப் பகுதியை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை, மணியடிக்கிற நேரம்.

ஆய்வகத்தின் உதவியாளர் குருசாமி, அறிவியல்காரர்களுக்குத்தான் கண்ணாடிக் குழல், வரலாற்றுக்கு எதற்கு, கடித்து உடைப்பதற்கா என்று முறைத்துவிட்டு, பின்பக்கம் நின்ற பப்பாளி மரத்தில் இலைக்காம்புகளை ஒடித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பப்பாளிக் காம்பு உள்ளே பொத்தலாக இருக்கும் என்பதால் வேலைக்கு ஆனது. நாங்கள் ஊதினோம். எல்லோருக்கும் வெளுத்தது. ஆவுடைச்செல்விக்கு மட்டும் வெளுக்கவில்லை.

ஆவுடைச்செல்வி எனக்கு, அதாவது தங்கத்துக்கு, பக்கத்து இருக்கை. காளவாசல் வேலாயுதம் அண்ணாச்சியின் இளைய மகள். உதவியாளர் குருசாமிக்கும் அவள் மகள் முறைதான், அண்ணாச்சி அவருக்குப் பெரியம்மா மகன். அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆவுடைக்கு அக்கா ஒருத்தி, கோமதி. காளவாசலில் கல் இறக்க வந்த லாரி டிரைவரோடு சித்திரையில் போய்விட்டாள். அவன் வேற ஆளு. எங்கள் ஊரில் இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அண்ணாச்சி தேடிப்போகவில்லை, போலீசுக்குப் போகவில்லை, கத்தவும் இல்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஊர்ப் பெரியகுளத்துக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்து, அச்சகத்தில் சொல்லி, கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்தில் போட்டு, மகள் போட்டோவோடு ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டினார். அகால மரணம் என்று அதில் இருந்தது. பசை காய்ச்சி ஒட்டியவர் குருசாமி.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? துக்கம் விசாரிக்க, எங்கள் பேச்சில் துட்டி கேட்க, போனது. பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்தது. நல்ல பிள்ளையாச்சே, எப்படிப் போச்சு என்று ஒரு கிழவர் உண்மையிலேயே கேட்டாராம், திடீர்னு என்று பதில் சொன்னார்களாம். செத்துப்போன கோமதியோ ஆலடிப்புதூர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் பந்தலில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். நாங்கள் கல்லூரி வாசலில் பஸ் இறங்கினால் கோமதி சுவரிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் அவளைத் தாண்டிப் போய் வருகைப் பதிவில் பெயர் சொல்லிவிட்டு வருவோம். எங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன், உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை, மரத்துப்போன காலில் கொசு உட்கார்ந்த மாதிரி.

ஆவுடை அப்போதிருந்தே பேச்சைக் குறைத்துவிட்டாள், சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், அழவில்லை. எங்கள் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. சுண்ணாம்பு நீர் வெளுக்காதபோதும் முதலில் பழி சுண்ணாம்பின் மேல்தான் போனது. அது அண்ணாச்சி காளவாசலில் வாங்கியது. சரக்கில் சாம்பல் கலந்திருக்கிறது என்று மகாராசன் சொன்னான். அவன் எங்கள் வகுப்பின் பிராக்ஸி மன்னன், வராத பையன் யாராக இருந்தாலும் அவனவன் குரலிலேயே 'பிரசன்ட் மேம்' சொல்லக்கூடியவன். மேடம் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, ஆவுடையின் குழாயில் தானே ஊதிப் பார்த்தார். வெளுத்தது. வேறு குழாய், வேறு காம்பு, அப்புறம் குருசாமியிடம் கெஞ்சி வாங்கிய கண்ணாடிக் குழல். ஆவுடை ஊதினாள், குமிழ் குமிழாக வந்தது, தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் உள்ளே இழுத்த காற்று எப்படிப் போனதோ அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது.

மேடம் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார். அவர் அது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அப்படியானால் விடுங்கள் என்று சொல்லிவிட்டார். மேடமும் விட்டுவிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த வாரத்திலிருந்து மகாராசன் ஆவுடைக்குப் பிராக்ஸி மூச்சு கொடுக்க ஆரம்பித்தான். வருகைக்கே கொடுக்கிறோம், மூச்சுக்குக் கொடுக்கக்கூடாதா என்பது அவன் நியாயம். மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது அவள் குழாயை வாங்கி ஒரு ஊது ஊதித் திருப்பிக் கொடுப்பான். அவன் வராத நாளில் நான் ஊதினேன், எனக்குச் சளி பிடித்தபோது பின்வரிசைக்காரிகள் ஊதினார்கள். மேடத்துக்குத் தெரியும். தெரிந்தும் ஆவுடையின் பெயருக்கு நேரே சரி போட்டார். ஆவுடை யாருக்கும் நன்றி சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வெளுத்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அது யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விஷயம் குருசாமி வழியாக ஊருக்குள் போனது. ஊர் எதைத்தான் செரிக்காமல் விட்டிருக்கிறது? முதலில் தேடி வந்தவர் கல்லூரி பஸ் நிறுத்தத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பலவேசம். ஆவுடை ஊதினால் கரி நன்றாகக் கனிகிறது என்று கண்டுபிடித்து, தினமும் காலையில் பஸ் இறங்குகிற நேரத்தில் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் நீட்டுவார், ஆவுடை ஊதிவிடுவாள், கரி சிவந்து எழும். அப்புறம் கோயில் மடப்பள்ளியில் ஈர விறகு பிடிக்காத நாட்களில் ஆள் அனுப்பினார்கள். பஸ்ஸில் இழுப்பு நோய்க்காரர்கள் அவள் பக்கத்தில் இடம் பிடித்தார்கள், அவள் விடுகிற மூச்சு புது மூச்சு என்று. மழைக்காலம் தொடங்கியதும் பஸ்ஸின் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் ஆட்கள் மூச்சில் மங்கிப்போய்க் கிடக்கும், அவள் உட்கார்ந்த இடத்து ஜன்னல் மட்டும் துடைத்து வைத்தது போல இருக்கும், கண்டக்டர் ஊர் வந்துவிட்டதா என்று அதன் வழியாகத்தான் குனிந்து பார்ப்பார். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏதோ அவளுக்கு நெட்டை உடம்பு, சுருட்டை முடி என்பதைப் போல ஆவுடைக்கு மூச்சு இப்படி என்று ஆகிப்போனது.

ஆனால் பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். சுத்தமான மூச்சு. மூத்தவள் குடும்பத்தின் பெயரைக் கெடுத்துவிட்டுப் போனாள், இளையவளுடைய மூச்சில்கூட ஒரு கலப்பு இல்லை பார் என்று சாதிச் சங்கக் கட்டடத்தில் பேசிக்கொண்டார்களாம். துட்டி முடிந்த நாளிலிருந்து தலை நிமிராமல் நடந்த வேலாயுதம் அண்ணாச்சி மெல்ல நிமிர்ந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பியோடு ஒரு கண்ணாடித் தம்ளரில் சுண்ணாம்பு நீரும் பப்பாளிக் காம்பும் வைக்க ஆரம்பித்தார். ஆவுடை வந்து ஊதிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். பார்த்தவர்களுக்கு ஆசை வந்து தாங்களும் ஊதுவார்கள், சங்கத்தின் தலைவர் ஊதியது மோர் மாதிரி வெளுத்துப்போனது, வெறும் வயிற்றில் ஊதினால் இப்படி ஆகாது, இப்போதுதான் காப்பி குடித்தேன் என்று அவர் சமாளித்தார். செயலாளர் ஊதவே மறுத்துவிட்டார்.

ஐப்பசியில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தான், வசதியான இடம், ஜாதகம்கூடக் கேட்கவில்லை, மூச்சைப் பார்த்தால் போதும் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த வெள்ளித் தம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்களாம். வீட்டில் செய்து காட்டுவது சரி, வீட்டுச் சுண்ணாம்பு வீட்டுத் தண்ணீர். காலேஜில் வெளியூர்ப் பரிசோதகர் முன்னால் ஒரு பரீட்சை இருக்கிறதாமே, அதிலும் வெளுக்கவில்லை என்று தெரிந்தால் தையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம், வெளுத்தால் பூவைத் திருப்பி வாங்கிக்கொள்வோம். அண்ணாச்சி சம்மதித்தார். கூடவே குருசாமியை அழைத்து, அன்றைக்கு ஒரு பயலும் பிள்ளையின் குழாயைத் தொடக்கூடாது, பிராக்ஸி கீக்ஸி என்று ஏதாவது நடந்தால் உன்னை நான் தொலைத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

இப்போது கணக்கு எப்படி நின்றது என்று பாருங்கள். தண்ணீர் வெளுக்காவிட்டால் ஆவுடை பரீட்சையில் தோற்பாள், உரக்கடைக்குப் போவாள், பட்டம் கிடையாது. வெளுத்தால் கல்யாணம் நிற்கும், அப்பா முகத்தில் கரி, அப்புறம் அந்த வீட்டில் அவள் நிலைமை என்ன என்பதற்குச் சுவரில் போஸ்டர் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் போடவில்லை. ஏட்டி, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அப்பா சொல்லுதாங்க என்றாள். உனக்கு என்னட்டி தோணுது என்று கேட்டேன். உண்மையிலேயே தேடிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், பீரோவில் துணி தேடுகிறவள் மாதிரி.

"ஒண்ணும் தோணல தங்கம்," என்றாள். "அப்பா அன்னைக்கு, நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்துக் குடுன்னாங்க. அக்கா போட்டோ. நான்தான் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு மூணு இருந்துச்சு, நல்லா சிரிக்கிறதாப் பாத்து எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தோணல."

இதை அவள் ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை ஜில்லென்று இருந்தது, என்னத்துக்கு அழுத என்று கேட்டாள்.

என் அத்தை வீடு ஆலடிப்புதூரில். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது கோமதியைச் சந்தையில் பார்த்தேன். வயிறு மேடிட்டிருந்தது. செத்தவளோடு பேசுவதா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தயக்கம், சிரிக்காதீர்கள், அச்சடித்த எழுத்துக்கு அப்படி ஒரு பலம் இருக்கிறது. அவளே கூப்பிட்டாள். தன் போஸ்டரைப் பார்த்ததாகவும், மழையில் பாதி கிழிந்து மூக்குக்குக் கீழே ஒரு சினிமா போஸ்டர் எட்டிப்பார்ப்பதாகவும் சொன்னாள். பிறகு தங்கச்சி எப்படி இருக்கா என்று கேட்டாள். நான் குழாய், காம்பு, உரக்கடை, போட்டோ எல்லாவற்றையும் அந்தக் கத்தரிக்காய்க் கடை முன்னாலேயே நின்று கொட்டிவிட்டேன். கோமதி கேட்டுக்கொண்டே நின்றாள், கடைக்காரி எடை போட்டதைக்கூட வாங்கவில்லை.

"அந்த போட்டோவே அவ எடுத்ததுதான்," என்றாள் கடைசியில். "மாடியில வச்சு எடுத்தா. சிரி சிரின்னு உசிர எடுத்தா. போஸ்டர்ல பாத்ததும், பரவால்ல, நல்லதாத்தான் குடுத்திருக்கான்னு நெனச்சேன். அவட்ட சொல்லு, அக்கா ஒண்ணும் நெனைக்கலன்னு. புள்ள பெறக்கப்போகுது, சித்தின்னு சொல்ல ஒரு ஆளு வேணும்னு சொல்லு."

பரீட்சையன்று காலையில் ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆவுடையிடம் இதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. சரி என்றாள். செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் வயதானவர், தூங்குமூஞ்சி, நல்ல மனுஷர். அறிவியல் படிக்காத பிள்ளைகளிடம் வேதியியல் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் நாங்கள் ஒவ்வொருவராக ஊதிக் காட்டும்போது, வாய்மொழித் தேர்வு என்கிற பெயரில், எந்த ஊர், எப்படி வருகிறாய், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வழக்கம் எல்லா வருஷமும் உண்டாம். மகாராசனிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அவன் பழக்கதோஷத்தில் இரண்டு குரலில் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளப் பார்த்தான்.

ஆவுடையின் முறை வந்தது. குருசாமி அவள் மேசையை ஒட்டியே நின்றுகொண்டார். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம், மகாராசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆவுடை காம்பை வாயில் வைத்து ஊதினாள், குமிழ் வந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது. இன்னும் ஊது என்றார் பரிசோதகர். ஊதினாள். தெளிவாக இருந்தது. குருசாமியின் முகத்தில் ஒரு நிம்மதி. பரிசோதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சரி, அது கிடக்கட்டும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார். வீட்டில் எத்தனை பேர்?

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் அந்தப் பதில் தெரியும். மூன்று பேர். அப்பா, அம்மா, நான். கல்லூரி அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும், பூ வைக்க வந்தவர்களிடமும் அவள் சொன்ன பதில், சுவரில் அச்சடித்து ஒட்டிய பதில். ஆவுடை குழாயைப் பார்த்தாள். குருசாமியைப் பார்த்தாள்.

"நாலு பேர் சார்," என்றாள். "எனக்கு ஒரு அக்கா இருக்கா. ஆலடிப்புதூர்ல இருக்கா. அவளுக்குப் புள்ள பெறக்கப்போகுது."

பரிசோதகருக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை, அப்படியா, சந்தோஷம் என்று சொல்லி மதிப்பெண் தாளில் பேனாவை வைத்தார். குருசாமி ஆவுடை என்று மெதுவாகக் கூப்பிட்டார், மிரட்டலாக இல்லை, கெஞ்சுகிற குரலில் கூப்பிட்டார். அவள் காம்பை மறுபடி வாயில் வைத்தாள். ஊதினாள்.

வெளுத்தது. முதலில் காம்பின் நுனியில் ஒரு புகை மாதிரி, அப்புறம் நடுவில், அப்புறம் குழாய் முழுக்க. அவள் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, மூக்கு ஒழுக, தோள் குலுங்க ஊதிக்கொண்டே இருந்தாள், சித்திரையிலிருந்து உள்ளேயே கிடந்தது எல்லாம் அந்தப் பப்பாளிக் காம்பு வழியாக வந்துகொண்டே இருந்தது, கோமதி போன நாள், பெரியகுளம், பந்தல், காப்பி, பூ எல்லாம்; வெள்ளை கெட்டியானது, பிறகு இளகியது, பிறகு கரைந்தது, அவள் காம்பைக் கீழே வைத்தபோது குழாயில் தண்ணீர் முன்பு இருந்த மாதிரியே தெளிவாக இருந்தது.

பரிசோதகர் எழுதி முடித்து நிமிர்ந்தார். தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். அடடா, வெளுக்கவே இல்லையே அம்மா என்றார். குருசாமி சட்டென்று, ஆமா சார், இந்தப் பிள்ளைக்கு எப்பவுமே வெளுக்காது, நான்தான் பாத்துக்கிட்டே நிக்கேன்லா என்றார். அண்ணன் மகளைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம், தெளிவான தண்ணீர், சுத்தமான மூச்சு, தையில் கல்யாணம், நாலு பேர் என்று சொன்னதைக்கூட வாய் தவறி வந்தது என்று மழுப்பியிருக்கலாம். நாங்கள் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். எங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா.

ஆவுடை மூக்கைத் தாவணியில் துடைத்தாள்.

"சூடு பண்ணிப் பாருங்க சார்," என்றாள்.

மணியடிக்கிற நேரத்தில் மேடம் சொன்னதை எங்கள் வகுப்பில் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான். பரிசோதகர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலை விட்டு வந்து, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, குழாயை இடுக்கியில் பிடித்து அவளிடமே கொடுத்தார். அவள் சுடரின் மேல் பிடித்தாள். தண்ணீர் மெல்லக் கலங்கி எங்கள் கண் முன்னால், குருசாமியின் கண் முன்னால், மறுபடி வெளுத்தது. பரிசோதகர் பலே என்று சொல்லி அடித்துத் திருத்தி முழு மதிப்பெண் போட்டார்.

அன்று மாலை அவள் எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் ஆலடிப்புதூர் பஸ்ஸுக்கு நின்றாள். பலவேசம் இஸ்திரிப் பெட்டியைத் திறந்துகொண்டு சாலையைத் தாண்டி ஓடினார், அவளும் ஊதிக் கொடுத்தாள், கரி சாம்பலைக் கிளப்பிவிட்டு அப்படியே மங்கிக் கிடந்தது. அவர் கரியைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஈரக்கரி போல என்று முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்.

பூவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி மறுபடி பெரியகுளத்துக்குப் போனார், இந்தமுறை அவரும் ஆவுடையின் அம்மாவும் மட்டும். தலை துவட்டிவிட்டு நேரே அச்சகத்துக்குப் போனாராம், முந்தின தாளே அங்கே இருந்ததால் பெயரையும் தேதியையும் படத்தையும் மாற்றினால் போதுமாக இருந்ததாம். படம் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை என்பதால், கல்லூரிக்குக் கொடுத்தது போக மிஞ்சியிருந்த அவளுடைய அடையாள அட்டை போட்டோவையே கொடுத்திருக்கிறார். அதில் அவள் சிரிக்கவில்லை. குருசாமி விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார், வேறு யாரையோ பிடித்து ஒட்டினார்கள், அவசரத்தில் சில இடங்களில் தலைகீழாக இருந்தது.

ஊர் துட்டி கேட்கப் போனது. காப்பி குடித்தது. வேறென்ன செய்யும்?

எழுத்துத் தேர்வு கார்த்திகையில் ஒரு மழை நாளில். காலையில் பஸ் இறங்கியபோது கல்லூரிச் சுவர் முழுக்க ஆவுடைச்செல்வி ஈரமாக நின்றாள், அகால மரணம், கண்ணீர் அஞ்சலி. மகாராசன் ஒன்றன் முன்னால் நின்று வாசித்துவிட்டு, இவளுக்கு யாரும் பிராக்ஸி கொடுக்க முடியாதே என்றான், அவன் குரல் அன்று அவன் குரலாகவே இருந்தது. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். தேர்வில் ஆவுடைக்கு ஒதுக்கியிருந்த, எனக்கு முன் மேசை காலியாக இருந்தது. கேள்வித்தாள் கொடுக்கிற நேரத்தில் அவள் வந்தாள், ஆலடிப்புதூர் பஸ் வாய்க்கால் பாலத்தில் நின்றுவிட்டதாம், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். முதுகு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஓடி வந்திருக்கிறாள்.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வேறு துறைக்காரர், கண்ணாடி போட்டவர், மேசை மேசையாக ஹால் டிக்கெட் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆவுடையிடம் வந்ததும் நின்றுவிட்டார். அந்தப் படத்தை அவர் சற்று முன்னால் சுவரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு நன்றாகக் குனிந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், இது நீதானா அம்மா என்று கேட்டார். ஆவுடைக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார்," என்றாள்.

அவருடைய கண்ணாடி இரண்டு பக்கமும் மங்கிப்போனது. அவர் நிமிர்ந்து, அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் பெயருக்கு நேரே வந்திருக்கிறாள் என்று குறித்துவிட்டு, என் ஹால் டிக்கெட்டைக் கேட்டுக் கையை நீட்டினார்.